எந்த ஊர்ப் பனிக்கு

"எந்த ஊருக்குப் போறீங்க?"
கடைக்குள் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது அதுதான்.
ஹொக்கைடோ என்றால் இடப்பக்கச் சுவர்.
பின்லாந்து என்றால் உள்ளே, பூட்டிய அலமாரி.
அவர் சொன்னார்,
"ஜூரோங். மீன் துறைமுகம் பக்கம்."

சிரிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.
கழுத்துப் பட்டையில் அட்டை, அதில் மருதையன்.
கைபேசியில் ஒரு படம் வைத்திருந்தார்:
வெள்ளைப் புழுதி கிளப்பிச் சீறும் ஸ்னோமொபைல்,
ஓட்டுகிறவன் முகத்தில் பாதியளவு கண்ணாடி.
"வண்டி வேணாம். இது மட்டும்."

ஏழு வருடமாக இவற்றை விற்கிறேன்.
உறைபனியைப் பார்த்ததெல்லாம்
வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டில்.
ஆனாலும் பாடம் பிசகாது:
வில்லை இரண்டு, நடுவே அடைபட்ட காற்று,
மேல்விளிம்பில் மூச்சு வெளியேறத் துளைகள்,
கண்ணுக்குத் தெரியாத சூட்டு இழை.
பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால்
கண்ணாடி தன் குளிரைத் தானே உதறிவிடும்.

"மைனஸ் இருபத்தஞ்சு," என்றார்.
"உள்ள பிரச்சினையே இல்ல, பளிச்சுன்னு தெரியும்.
கதவு தாண்டி வெளிய வர்றப்பதான்."
வெளியே முப்பத்திரண்டு பாகை,
மழை விட்ட மதியம்,
பாரந்தூக்கியின் கொம்புகளில்
ஒரு டன் உறைந்த கணவாய்.
கண்ணெதிரே எல்லாம் சுண்ணாம்பு.
"எவ்வளவு நேரம்?"
"பத்து விநாடி இருக்கும்."
பிறகு, விலையட்டையைப் பார்த்துக்கொண்டே,
"போன மாசம் ஒருத்தன் கால் விரல்,"
என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.
நான் அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.

பழச்சாற்றுக் கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி
மூன்றையும் அதற்குள் புதைத்தோம்.
பெய் ஷானின் கோப்பியைக் கேட்டு வாங்கி
மூடியைத் திறந்து ஆவியில் பிடித்தோம்.
மருந்து பூசியது, நூற்றிருபது வெள்ளி:
தொட்டதும் வெளுத்தது.
விசிறி வைத்தது, நூற்றெண்பது:
கொசுவாய் முனகி
நடுவில் ஒரு காசளவு தெளிந்தது.
முந்நூற்றுப் பத்து:
அவரே பொத்தானை அழுத்தினார்.
ஆவி வந்தது, தயங்கியது,
உட்கார இடமின்றிப் போய்விட்டது.

மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்,
வெளியேறும் வழிப் பலகையைப் பார்த்தார்,
குனிந்து, வெகுநேரம், தன் சப்பாத்துகளைப் பார்த்தார்.

"மூக்குக் கண்ணாடி மேலயே போடலாமா?" போடலாம்.
"கையுறையோட அமுங்குமா?"
இருப்பதிலேயே தடித்த ஜோடியைக் கொண்டுவந்தேன்.
அமுங்கியது.
"இது பனிக்குத்தானே?"
புல்லில் இருந்தாலும் பனி, மலையில் இருந்தாலும் பனி,
கண்ணாடியில் படிந்தாலும் நமக்குப் பனிதான்.
"எல்லாப் பனிக்கும்," என்றேன்.
குளிரில் பேட்டரி சீக்கிரம் சாகும் என்று
விற்கிறவள் சொல்லக் கூடாது.
சொன்னேன்.
நெஞ்சுப் பையில் வைத்திருங்கள்,
கதவு வருமுன் மட்டும் மாட்டுங்கள்.
"கம்பெனி குடுக்காதா?"
"கேட்டிருக்கு."

ஐம்பதுகளும் பத்துகளுமாக எண்ணி வைத்தார்.
ஊழியர் கழிவை என் கணக்கில் போட்டேன்.
உத்தரவாதப் படிவம் கேட்டது: செல்லும் நாடு?
பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.
நார்வே என்று தட்டினேன்.

இரவு பேருந்தின் குளிரிலிருந்து இறங்கியதும்
வழக்கம்போல் என் கண்ணாடி வெளுத்தது.
துடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எண்ணினேன்.
நாலில் யாரோ தோளில் இடித்துப் போனார்கள்.
ஆறில் மிதிவண்டி மணி, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
ஒன்பதில்தான்
என் புளோக்கின் எண் தெரிந்தது.